பருவமும் மனநோயும்

வானம் மூடியிருக்கும் நாளில் உள்ளம் சோர்வதும், வெயில் கொளுத்தும் நாளில் சினம் மிகுவதும் யாவரும் பட்டறிந்தவை. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அகவாழ்வுக்கு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளையும் திணைகளுக்கு உரியனவாக்கியது. ஆயினும் உணர்ச்சி வேறு, நோய் வேறு. கார்காலத்து ஏக்கம் கவிஞனுக்கு உரியது. அதற்கு மருத்துவர் தேவையில்லை. மனநோய் உற்றவர் எந்தப் பருவத்தில் மிகுதியாக மருத்துவமனையின் வாயிலை அடைகின்றனர்? ஏன் அடைகின்றனர்? அடைய இயலாமலே நின்றுவிடுபவர் யார்? இக்கேள்விகளுக்கு மனிதர் விடை தேடிய வரலாறு 2,400 ஆண்டுகள் நீண்டது. ஊகத்தில் தொடங்கி, எண்ணிக்கையில் வளர்ந்து, இன்று உயிர்காக்கும் கடமையாக முதிர்ந்திருக்கும் அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் என்னும் மருத்துவர் பெயரால் பல நூல்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று காற்று, நீர், இடம் ஆகிய மூன்றையும் பற்றியது. புதிய ஊருக்குள் நுழையும் மருத்துவன் முதலில் அவ்வூரின் பருவங்களையும், அங்கே வீசும் காற்றுகளையும், மக்கள் பருகும் நீரையும் ஆராய்ந்தறிய வேண்டும் என்பது அந்நூலின் அறிவுரை. அதே மரபைச் சேர்ந்த மற்றொரு நூல், பித்தும் மனச்சோர்வும் வலிப்பும் இளவேனிலில் தோன்றும் நோய்கள் எனப் பட்டியலிடுகின்றது. நோய்க்குத் தெய்வத்தின் சினமே காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில், காற்றையும் வெயிலையும் காரணமாகக் கூறியது பெருந்துணிவு. காரணம் இயற்கையில் இருக்குமானால், அதனை மனிதன் ஆராயலாம். ஆராய்ந்து தடுக்கவும் முயலலாம்.

அக்காலத்தார் உடலில் நால்வகை நீர்மங்கள் உள்ளன என்றும், அவை பருவத்துக்கேற்பப் பெருகியும் குறைந்தும் வரும் என்றும் கருதினர். அவற்றுள் கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு உண்டாகும் என்பது அவர்கள் கொள்கை. மனச்சோர்வைக் குறிக்கும் 'மெலங்கோலியா' என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளே கரும்பித்தம் என்பதுதான். நம் மொழியிலும் 'பித்து', 'பித்தன்' என்னும் சொற்களும், 'பித்தம் தலைக்கேறியது' என்னும் வழக்கும் இருப்பதை இங்கு நினைவுகூரலாம். இரு வேறு நாடுகளின் மருத்துவ மரபுகள் மனக்கலக்கத்தை உடலின் ஒரு நீர்மத்தோடு பிணைத்தன. அக்கொள்கை இன்று நிலைபெறவில்லை. ஆனால் மனநோயும் உடலோடும் உலகோடும் தொடர்புடைய நோயே என்னும் அதன் அடிப்படை எண்ணம் வீழ்ந்துவிடவில்லை.

ஊகத்தின் காலம் நெடுநாள் நீடித்தது. 1733ஆம் ஆண்டில் ஜார்ஜ் செய்னி என்னும் மருத்துவர் 'ஆங்கில நோய்' என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். மனத்தளர்ச்சியும் நரம்புத் தளர்ச்சியும் இங்கிலாந்தில் மிகுந்திருப்பதற்கு ஈரமான காற்றும், நிலையற்ற வானிலையும், கொழுத்த உணவும், உழைப்பற்ற வாழ்வும், நெருக்கமான நகரங்களும் காரணம் என்று அவர் எழுதினார். 1748இல் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ, சட்டங்களின் தன்மை பற்றிய தம் பெருநூலில், ஆங்கிலேயர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதற்கு அந்நாட்டின் தட்பவெப்பத்தையே காரணமாகக் காட்டினார். மூடுபனி சூழ்ந்த நவம்பர் மாதமே மனம் உடையும் மாதம் என்ற எண்ணம் ஐரோப்பாவெங்கும் பரவியது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தமையால் அதனை ஒருவரும் ஐயுறவில்லை. மாதந்தோறும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தவரும் அரியர்.

எண்ணிப் பார்க்கும் முயற்சிக்குப் பாரிஸ் நகரம் முதன்மையான களமாயிற்று. அங்கே சால்பெத்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனையில் மனநோயுற்ற பெண்கள் பெருந்தொகையினர் இருந்தனர். மனநோயாளரை அன்போடு நடத்த வேண்டும் என்று வற்புறுத்திய பிலிப் பினேலும், அவருக்குப் பின் அவர் மாணவர் எஸ்கிரோலும் அங்கே பணியாற்றினர். எஸ்கிரோல் பொறுமை மிக்கவர். மருத்துவமனைப் பதிவேடுகளை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, எந்த மாதத்தில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்று அட்டவணை வகுத்தார். 1838இல் வெளியான அவர் பெருநூலில் அம்முடிவுகள் இடம்பெற்றன. நவம்பரின் இருளில் கூட்டம் பெருகும் என்று எதிர்பார்த்தவருக்கு வியப்பே காத்திருந்தது. மே முதல் ஆகஸ்ட் வரையுள்ள வெப்பமான மாதங்களிலேயே சேர்க்கை மிகுந்திருந்தது, குளிர்காலத்தில் குறைந்திருந்தது. நெடுங்கால நம்பிக்கையை ஒரு பதிவேடு அசைத்துவிட்டது.

ஆனால் பதிவேட்டைப் படிப்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மருத்துவமனைப் பதிவேடு நோயுற்றவரை எண்ணுவதன்று; வந்து சேர்ந்தவரையே எண்ணுவது. நோய் தோன்றிய நாளுக்கும், உறவினர் மனம் கலங்கி மருத்துவரை நாடும் நாளுக்கும் இடையே பல திங்கள்கள் கழியலாம். பனி மூடிய பாதையில் நோயாளியைக் கொணர்வது எளிதன்று. அன்றியும், கொந்தளிக்கும் நோயாளியை ஊரார் கண்டுகொள்வர். ஒடுங்கிக் கிடக்கும் நோயாளியை வீட்டாரும் கவனிக்காதிருப்பர். ஆகவே மருத்துவமனை நாடி வருவோரின் தொகை, நோயின் அளவையும் காட்டும். வாயிலை அடையும் வழியின் அளவையும் காட்டும். இவ்விரண்டையும் பிரித்துணர்வதே இத்துறை வரலாற்றின் உயிர்நாடி எனலாம்.

எஸ்கிரோல் தொகையை மட்டும் நோக்கியவரல்லர். தனி மனிதரையும் நோக்கினார். பெல்ஜிய நாட்டினர் ஒருவர், ஆண்டுதோறும் குளிர்காலம் நெருங்கும்போது ஊக்கம் இழந்து சோர்வதாகவும், இளவேனிலில் தாமே தெளிவடைவதாகவும் அவரிடம் முறையிட்டார். மருந்துக்கு மாறாக அவருக்கு ஒரு பயணத்தையே எழுதிக் கொடுத்தார் எஸ்கிரோல்: அக்டோபர் முடிவதற்குள் தென் பிரான்சை அடைக, அங்கிருந்து இத்தாலிக்குச் செல்க, மே மாதம் வரை திரும்பற்க. பெருந்தொகையில் வேனில் மேலோங்கியிருந்தபோதே, சிலருக்கு இருள்மிகு குளிர்காலமும் நோயாகலாம் என்று அவர் கண்டுகொண்டார். ஆயினும் இத்தாலிக்குச் செல்லும் செல்வம் எத்தனை பேருக்கு உண்டு? இக்கேள்வி அன்று எழவில்லை, பிற்காலத்தில் எழுந்தது.

1838ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாடு ஒரு சட்டம் இயற்றி, ஒவ்வொரு மாவட்டமும் மனநோயாளருக்கு இடமளிக்க வேண்டும் என்று விதித்தது. அச்சட்டத்தின் உருவாக்கத்தில் எஸ்கிரோலுக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகள் பிறப்பு, இறப்பு, குற்றம், நோய் ஆகிய அனைத்தையும் எண்ணத் தொடங்கின. அவ்வெண்களைக் கொண்டு 1879இல் இத்தாலிய மருத்துவர் மொர்செல்லி தற்கொலை பற்றி ஒரு நூல் எழுதினார். அதிலும் இளவேனிலும் முதுவேனிலுமே துயரம் மிகுந்த காலங்களாக விளங்கின. வெப்பமே மூளையைத் தூண்டுகின்றது என்பது அவர் போன்றோர் கண்ட விளக்கம்.

இவ்விளக்கத்தை மறுத்து எழுந்தவர் பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் எமில் துர்க்கைம். 1897இல் வெளியான தம் நூலில் அவர் ஓர் அதிகாரம் முழுவதையும் இப்பொருளுக்கு ஒதுக்கினார். வேனிலில் எண்ணிக்கை உயர்வதை அவர் மறுக்கவில்லை, காரணத்தையே மறுத்தார். எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் வெப்பமானியைப் பின்பற்றுவதைக் காட்டிலும் பகற்பொழுதின் நீளத்தையே பின்பற்றுகின்றது என்று சுட்டினார். பகல் நீளும்போது தொழிலும் வாணிகமும் பயணமும் சந்திப்பும் பெருகுகின்றன. வாழ்க்கையின் விரைவு கூடும்போது அதில் ஒட்ட இயலாதவரின் துன்பமும் கூடுகின்றது என்பது அவர் வாதம். பருவத்துக்கு அடங்காமல் ஆண்டு முழுவதும் ஒரே விரைவில் இயங்கும் பெருநகரங்களில் இவ்வேறுபாடு சுருங்குவதையும் அவர் சான்றாகக் காட்டினார். பின்னாளில், 1982 முதல் 1996 வரையுள்ள இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் பருவ வேறுபாடு பெரிதும் தேய்ந்துவிட்டதைக் கண்டனர். வானம் மாறவில்லை, வாழ்க்கை முறை மாறிற்று. துர்க்கைமின் கூற்று முழுவதையும் ஏற்காதவரும், வானிலை மனிதனை அடைவது சமூகத்தின் வழியாகவும்தான் என்னும் உண்மையை அவரிடமிருந்து கற்றுக்கொண்டனர்.

துர்க்கைம் நூல் வெளியிட்ட அதே 1897ஆம் ஆண்டில், பெல்ஜிகா என்னும் கப்பல் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து தென்துருவக் கடலை நோக்கிப் புறப்பட்டது. தலைவர் அத்ரியன் தெ கெர்லாஷ். துணை அதிகாரிகளுள் ஒருவர் பிற்காலத்தில் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்து புகழெய்திய அமுண்ட்சென். மருத்துவர் அமெரிக்கரான ஃபிரெடரிக் குக். 1898 மார்ச்சுத் தொடக்கத்தில் கப்பல் உறைபனியில் சிக்கிக்கொண்டது. மே மாத நடுவில் கதிரவன் மறைந்தான். ஏறத்தாழ 70 நாள் மீளவில்லை. அதற்கு முன் மனிதர் எவரும் தென்துருவக் கடலின் பனியில் குளிர்காலத்தைக் கழித்ததில்லை.

இருள் நீள நீள, கப்பலில் இருந்தோர் உடலும் உள்ளமும் தளர்ந்தனர். முகம் வெளிறியது, நாடித்துடிப்பு ஒழுங்கிழந்தது, உறக்கம் கெட்டது, நண்பர் ஒருவரோடொருவர் பேச விருப்பமின்றி ஒதுங்கினர். இதயநோய் கொண்டிருந்த ஒருவர் ஜூன் மாதத்தில் இறந்தார். மாலுமி ஒருவர் சித்தம் கலங்கினார். அன்றைய மருத்துவ நூல்களில் இந்நிலைக்கு மருந்து கிடையாது. குக் தம் கண்ணையே நம்பினார். முன்னர்க் கிரீன்லாந்துப் பயணத்தில் வடதுருவ மக்களின் வாழ்வை நேரில் கண்டவர் அவர். நோயுற்றவரை ஆடை களைந்து, எரியும் அடுப்பின் வெளிச்சமும் வெம்மையும் உடலில் படுமாறு நாள்தோறும் அமர்த்தினார். பென்குயின், கடல்நாய் ஆகியவற்றின் புதிய இறைச்சியை உண்ணச் செய்தார். கப்பலைச் சுற்றிப் பனிமேல் நடக்கச் செய்தார். சோர்ந்திருந்தோர் பலர் தேறினர். புதிய இறைச்சி, ஸ்கர்வி என்னும் நோயைப் போக்கியது என்பது இன்று தெளிவு. அடுப்பொளி எவ்வளவு உதவியது என்று பிரித்தறிய வழியில்லை. எனினும், ஒளியின்மையே நோயாயின் ஒளியே மருந்தாகலாம் என்னும் எண்ணத்தைக் கப்பலின் சிறு அறையில் செயலாக்கிப் பார்த்தவர் குக். 1899 மார்ச்சில் கப்பல் பனியிலிருந்து விடுபட்டது.

இத்தாலிப் பயணமும் கப்பலின் அடுப்பும் தந்த குறிப்பு அறிவியலாக மலர மேலும் 80 ஆண்டுகள் சென்றன. 1980இல் ஆல்ஃபிரெட் லூயி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் தோழர்களும் ஒரு செய்தியை நிறுவினர். இரவில் மனித மூளையின் நடுவே ஆழத்தில் உள்ள ஒரு சிறு சுரப்பி மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கின்றது. போதிய வலிமையுள்ள ஒளி கண்ணில் பட்டால் அச்சுரப்பு அடங்கிவிடுகின்றது. சாதாரண அறைவிளக்கு அதற்குப் போதாது. இதனால், மனித உடலும் விலங்குடலைப் போலவே ஒளியைக் கொண்டு பருவத்தை அளக்கின்றது என்பது புலனாயிற்று. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நார்மன் ரோசென்தால், மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில், குளிர்காலந்தோறும் மனச்சோர்வுறும் நோயாளிகள் 29 பேரை ஆராய்ந்து, 1984இல் அந்நிலைக்குப் 'பருவகால மனச்சோர்வு' என்று பொருள்படும் பெயரிட்டார். வலிய செயற்கை ஒளியால் அவர்களுட் பலர் நலம்பெற்றனர்.

இச்சிகிச்சையின் இயல்பை எண்களால் விளங்கிக்கொள்ளலாம். ஒளியை அளக்கும் அலகு லக்ஸ் எனப்படும். நம் இல்லத்து அறையில் மாலை வேளையில் இருக்கும் ஒளி சில நூறு லக்ஸ்களைத் தாண்டுவதில்லை. உச்சிவெயில் 1,00,000 லக்ஸை எட்டும். மருத்துவர் இன்று பொதுவாகப் பரிந்துரைக்கும் ஒளிப்பெட்டி 10,000 லக்ஸ் ஒளி தருவது. காலையில் அரைமணி நேரம் அதன் முன் அமர்ந்திருப்பது வழக்கம். எஸ்கிரோல் எழுதிக் கொடுத்த இத்தாலி, மேசைமேல் வைக்கத்தக்க ஒரு பெட்டியாகச் சுருங்கிவிட்டது. செல்வர்க்கு மட்டும் எட்டிய மருந்து மற்றவர்க்கும் எட்டுவதாயிற்று.

அப்படியானால் வடக்கே செல்லச் செல்ல நோய் மிகுமா? மிக எளிய இவ்விதியும் பொய்த்தது. ஐஸ்லாந்து நாட்டில் 1993இல் வெளியான ஆய்வு, அமெரிக்கக் கிழக்குக் கரையைவிட மிக வடக்கே இருக்கும் அந்நாட்டில் இந்நோய் அங்குள்ளதிலும் குறைவே என்று காட்டியது. கனடாவில் குடியேறிய ஐஸ்லாந்தியரின் வழித்தோன்றல்களிடமும் அது குறைந்தே காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இருளோடு வாழ்ந்தவரிடம் ஒரு மரபுவழித் தகவு அமைந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். பருவம் ஒன்றே, அதனைத் தாங்கும் ஆற்றல் ஒன்றன்று.

தாங்கும் ஆற்றலை ஊரும் உண்டாக்கலாம் என்பதற்கு நார்வே நாட்டின் ரியூக்கான் சான்று. மலைகளுக்கு இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த தொழில் நகரம் அது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் அங்கே நேரடிக் கதிரொளி விழுவதில்லை. அந்நகரை உருவாக்கிய நிறுவனம், உழைப்பாளரும் குடும்பத்தாரும் மலையுச்சிக்குச் சென்று கதிரவனைக் காணும் பொருட்டு 1928இல் ஒரு கம்பிவட ஊர்தி அமைத்தது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகள் நிறுவப்பட்டன. கணிப்பொறியின் துணையால் கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, ஊர்ச் சதுக்கத்தில் அவை ஒளியை வீழ்த்துகின்றன. அச்சதுக்கத்தில் நிற்க எவரும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை.

இதுகாறும் இருளைப் பற்றிப் பேசினோம். இனி, எஸ்கிரோலின் பதிவேடு சுட்டிய வெப்பத்துக்குத் திரும்புவோம். இன்றைய உலகில் உயிரைப் பறிப்பதில் அதுவே முன்னிற்கின்றது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் லித்தியம் என்னும் உப்பின் பயனை வெளியிட்டார். 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசீன் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்பட்டது. கட்டப்பட்டும் பூட்டப்பட்டும் கிடந்த பலரை இம்மருந்துகள் வீட்டுக்கு அனுப்பின. ஆயினும், குளோர்ப்ரோமசீன் வகை மருந்துகள் சில வியர்வையைக் குறைத்து, உடல் தன் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலைத் தளர்த்துகின்றன. லித்தியமோ உடலில் நீர் வற்றும்போது இரத்தத்தில் செறிந்து நஞ்சாகக் கூடும். இதனால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று எவரும் முடிவு செய்தல் ஆகாது, அது பெருந்தீங்கு. கோடையில் மருத்துவரைக் கலந்து, நீரும் நிழலும் தவறாமல் பெறுவதே உரிய வழி.

நியூயார்க் மாநிலத்து மனநல மருத்துவமனைகளில் 1950 முதல் 1984 வரை நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 1998இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வெப்ப அலை வீசிய நாட்களில், மருத்துவமனையில் இருந்த மனநோயாளர் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைப் போல் இரு மடங்காக இருந்தது. இப்புதிய மருந்துகள் பரவுவதற்கு முன்பே அவர்களுக்கு இடர் மிகுந்திருந்தது. பின்னர் அது மேலும் கூடியது. ஆய்வுக் காலத்தின் இறுதி ஆண்டுகளிலோ குறைந்தது. ஆபத்தை உணர்ந்து முன்னெச்சரிக்கை மேற்கொண்டதே இக்குறைவுக்குக் காரணம் ஆகலாம் என்பது கட்டுரையாளர் கருத்து. வெயிலைத் தணிக்க எவராலும் இயலவில்லை. ஆனால் இறப்பைத் தணிக்க இயன்றது.

வெப்பம் மிகும்போது மருத்துவமனையை நாடுவோர் தொகையும் மிகுகின்றது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1993 முதல் 2006 வரையுள்ள பதிவுகளை ஆராய்ந்தவர், வெப்ப அலை நாட்களில் மனநோய்க்கான சேர்க்கை 7.3 விழுக்காடு உயர்ந்ததை 2008இல் அறிவித்தனர். அமெரிக்காவில் 2010 முதல் 2019 வரை, மனநலக் காரணங்களுக்காக அவசரப் பிரிவுக்கு நிகழ்ந்த ஏறத்தாழ 35 இலட்சம் வருகைகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, கடும் வெப்ப நாட்களில் வருகை ஏறத்தாழ 8 விழுக்காடு மிகுவதைக் கண்டது. இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றலாம். பெருநகர் ஒன்றின் மருத்துவமனைகளில் படுக்கையும் பணியாளரும் ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது, நூற்றுக்கு எட்டுப் பேர் கூடுதலாக வருவது எத்துணைச் சுமை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வந்தவர்களைப் பற்றிய கணக்கு இது. வாராதவர்களின் கணக்கு இன்னும் கொடியது. 2021 ஜூன் மாத இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தை வெப்பம் சூழ்ந்தது. ஜூன் 29ஆம் நாள் லிட்டன் என்னும் சிற்றூரில் வெப்பநிலை 49.6 பாகை செல்சியஸை எட்டியது. ஒரு வாரத்தில் வெப்பத்தால் மாண்டவர் 619 பேர். அவர்களுள் நூற்றுக்கு 98 பேர் வெப்பத்துக்கு ஆட்பட்டது கட்டடங்களுக்கு உள்ளேதான். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர். எந்த நாட்பட்ட நோய் உடையவருக்கு அவ்வெப்பம் மிகக் கொடிதாக இருந்தது என்று ஆராய்ந்தபோது, இதயநோயையும் சிறுநீரக நோயையும் விட முன்னின்றது ஸ்கிசோஃபிரினியா என்னும் மனச்சிதைவு நோயே என்று 2023இல் தெரியவந்தது. அந்நோயாளர்க்கு இடர் மும்மடங்கை ஒட்டி இருந்தது. வறுமை, தனிமை, மருந்தின் விளைவு, ஆபத்தை உணர்ந்து உதவி கோர இயலாமை ஆகிய அனைத்தும் ஒருங்கே கூடிய இடம் அது. அவர்களுட் பலர் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஆகவே, கூட்டம் கூடாத மருத்துவமனையைக் கண்டு ஊரில் நோயில்லை என்று மகிழ்தல் பேதைமை.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1967 முதல் 2013 வரையுள்ள இந்தியப் பதிவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பயிர் விளையும் பருவத்தில் 20 பாகைக்கு மேற்பட்ட நாளொன்றின் வெப்பம் மேலும் ஒரு பாகை உயர்ந்தால், நாடு முழுவதும் ஏறத்தாழ 70 உயிர்கள் தற்கொலையால் கூடுதலாக இழக்கப்படுவதாகக் கணித்தது. பயிரில்லாப் பருவத்து வெப்பத்தில் அவ்வுயர்வு காணப்படவில்லை. அக்கணக்கீட்டு முறைக்கு மறுப்பும் எழுந்ததுண்டு. எனினும் அது சுட்டும் வழி சிந்திக்கத்தக்கது. வெயில் பயிரைக் கருக்குகின்றது. கருகிய பயிர் கடனாகின்றது. கடன் மனத்தை முறிக்கின்றது. உழவருக்குப் பயிர்க்காப்பீடும் கடன் நிவாரணமும் அளிப்பது பொருளாதாரப் பணி மட்டுமன்று, மனநலப் பணியும் ஆகும் என்பதை இதனால் உணரலாம். வானிலை சமூகத்தின் வழியே மனிதனை அடைகின்றது என்று 1897இல் பிரான்சிலிருந்து எழுந்த கூற்று, நம் வயல்வெளியிலும் பொருந்தக் காண்கின்றோம்.

இவ்வரலாறு மாணவர்க்கு அளிக்கும் பாடங்கள் இரண்டு. பொருத்தமாகத் தோன்றும் கருத்தையும் எண்ணிப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது ஒன்று. நவம்பர் மாதக் கதை எஸ்கிரோலின் அட்டவணை முன் நிற்கவில்லை. எண்ணையும் ஆராய்ந்தே படிக்க வேண்டும் என்பது மற்றொன்று. வந்தவர் தொகைக்குப் பின்னால் வாராதவர் தொகை ஒன்று மறைந்திருக்கின்றது.

இனி வரும் ஆண்டுகளில் உலகின் வெப்பம் மேலும் உயரும் என்று அறிவியல் அறிஞர் உறுதியாகக் கூறுகின்றனர். மழையையும் புயலையும் முன்னறிந்து துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகின்றோம். அதுபோலவே வெப்ப அலை வருமுன் மனநோயாளர் இருக்கும் வீடுகளையும் விடுதிகளையும் நாடிச் சென்று, நீரும் காற்றும் நிழலும் உண்டா என வினவுதல் மருத்துவத் துறையின் வழக்கமான பணியாதல் வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் கூறுகின்றது. 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி வழி உதவி, மனந்தளர்ந்த எவரும் எந்நேரமும் பேசுவதற்கென அமைந்தது. சட்டமும் தொலைபேசியும் தாமாக எவர் வீட்டுக்கும் செல்வதில்லை. அடுத்த கோடையில் உங்கள் தெருவில் தனியே வாழும் ஒருவரின் கதவு இரண்டு நாள் திறக்கப்படாதிருந்தால், அதனைத் தட்டிப் பார்க்க மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை.